சிலிண்டரில் காற்று நிரப்பும் முன் டைவ் ஷாப் எதற்குக் கார்டு கேட்கிறது, எப்படிச் சரிபார்க்கிறது?

கேள்வியின் சுருக்கம் இது: "அந்தமான் ஹேவ்லாக்கில் ஒருமுறை ஸ்கூபா செய்திருக்கிறேன், சர்டிஃபிகேட்டும் வைத்திருக்கிறேன். துபாயிலிருந்து வந்த மாமா தன்னுடைய பழைய சிலிண்டரைக் கொடுத்தார். ஈசிஆரில் ஒரு டைவ் ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போனால், கார்டு இல்லாமல் நிரப்ப மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் யாரும் லைசென்ஸ் கேட்டுவிட்டுப் பெட்ரோல் போடுவதில்லையே, வெறும் காற்றுக்கு எதற்கு இத்தனை கெடுபிடி? இது சட்டமா? கார்டு உண்மையானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வேறு எங்கே நிரப்பலாம்?"

அந்த ஷாப் உங்களைத் திருப்பி அனுப்பியது சரி. சென்னையில் ஒரு டைவ் ஷாப்பின் கம்ப்ரசர் அறையில் பல வருடம் நின்றவன் நான். அங்கே இரண்டு சோதனை நடக்கும். ஒன்று சிலிண்டர் கொண்டுவந்த ஆளுக்கு, அதாவது டைவிங் பயிற்சி முடித்ததற்கான கார்டு அவரிடம் இருக்கிறதா என்று. இன்னொன்று சிலிண்டருக்கு. ஆளைச் சோதிப்பது தொழில் வழக்கம். சிலிண்டரைச் சோதிப்பதுதான் சட்டம். வருகிறவர்கள் பெரும்பாலும் இதை மாற்றிப் புரிந்துகொண்டு, "எந்தச் சட்டத்தில் கார்டு கேட்கிறீர்கள்?" என்று சண்டைக்கு நிற்பார்கள். சிலிண்டரின் கழுத்தில் என்ன குத்தியிருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் கார்டு. இஸ்ரேல் 1979-இல் பொழுதுபோக்கு டைவிங்குக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட நாடுகள் குறைவு. ஸ்கூபா பெரிதாக வளர்ந்த அமெரிக்காவில்கூட, கார்டு இல்லாதவருக்குக் காற்று நிரப்பினால் குற்றம் என்று மத்திய அரசின் சட்டம் கிடையாது. 1950களில் கருவி யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று கடைக்கு வந்தது, பயிற்சி இல்லாமல் இறங்கியவர்கள் செத்தார்கள். அரசாங்கம் தலையிடும் முன் நாமே கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம் என்று டைவிங் தொழிலில் இருந்தவர்கள் பயிற்சியையும் கார்டையும் கொண்டுவந்தார்கள். இப்படிப் பயிற்சியும் கார்டும் தரும் அமைப்புகளில் சி.எம்.ஏ.எஸ். 1959-இலும், 'பாடி' 1966-இலும், எஸ்.எஸ்.ஐ. 1970-இலும் தொடங்கியவை. கார்டு இல்லையென்றால் காற்று இல்லை என்பது இந்த அமைப்புகளோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பரவிய வழக்கம். கடையின் இன்சூரன்ஸும் பயிற்சி அமைப்பில் அதன் பெயரும் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

பெட்ரோல் பங்க் கேள்விக்கு வருகிறேன். சாலையில் உங்களை நிறுத்தி லைசென்ஸ் கேட்கப் போலீஸ் இருக்கிறது. வண்டி தடுமாறினால் ஓரம் கட்டலாம். கரையை விட்டுப் படகு கிளம்பிய பிறகு யாரும் உங்களை நிறுத்திக் கேட்கப் போவதில்லை. கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிறவர்தான் கடைசியாகக் கேட்கக்கூடிய ஆள். அவருக்கு இன்னொரு விஷயமும் தெரியும். ஸ்கூபாவில் ஆள் சாவதற்கு ஆழம் வேண்டியதில்லை.

சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று கொண்டுவரும் கருவிதான் ரெகுலேட்டர். அது தரும் காற்று சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் வருகிறது. 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்துவிட்டு, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அதே காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலுக்கு அந்த இடம் கிடையாது, கிழிந்துவிடும். குமிழி ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போனால் சில நிமிடத்தில் நினைவு தப்பும். நிறைந்த நுரையீரலோடு மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால், சுமார் ஒன்றேகால் மீட்டர் ஆழத்திலிருந்தேகூட இது நடக்கலாம். அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்திலேயே நடக்கலாம் என்று அர்த்தம். "எனக்கு நல்லா நீச்சல் தெரியும், கிணற்றில் குதித்து வளர்ந்தவன்" என்று சொல்கிறவரைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் பயம். தம் பிடிப்பது அவர் உடம்பில் ஊறியிருக்கும். ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சை நிறுத்தாதே என்பது. அதைப் பழக்கமாக்கத்தான் பயிற்சி, அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் கார்டு.

உங்கள் ஹேவ்லாக் சர்டிஃபிகேட் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் கவுண்டருக்கு வருகிறவர்களிடம் அதிகம் பார்க்கும் காகிதம் அதுதான். அந்தமானிலும் பாண்டிச்சேரியிலும் சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்து தருவது டிஸ்கவர் ஸ்கூபா என்ற அனுபவ டைவ். அதிகபட்சம் 12 மீட்டர். நீங்கள் தண்ணீரில் இருந்த நேரம் முழுக்க ஓர் இன்ஸ்ட்ரக்டர் உங்கள் டேங்கை, அதாவது சிலிண்டரை, பின்னாலிருந்து பிடித்திருப்பார். மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட்டில் காற்று ஏற்றியதும் இறக்கியதும் அவர், காற்று எவ்வளவு மிச்சம் என்று கேஜ் பார்த்ததும் அவர், எப்போது மேலே வருவது என்று முடிவு செய்ததும் அவர். கடைசியில் கொடுக்கும் காகிதம், நீங்கள் கலந்துகொண்டீர்கள் என்பதற்கு நினைவுச் சான்று. நல்ல அனுபவம், மறுக்கவில்லை. ஆனால் தனியாக டேங்க் எடுத்துப்போக அது தகுதி ஆகாது.

தகுதி என்று கடை ஏற்றுக்கொள்வது ஓப்பன் வாட்டர் கார்டிலிருந்துதான் தொடங்குகிறது. வகுப்பு, குளத்தில் பயிற்சி, கடலில் நான்கு டைவ் என்று மூன்று நான்கு நாள் பிடிக்கும். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். முகமூடியில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவினால் தேடி எடுப்பது, காற்று தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கி மூச்சு விட்டபடி மேலே வருவது எல்லாம் செய்து காட்டியவருக்குத்தான் அந்தக் கார்டு. 18 மீட்டர் வரை, இன்னொரு டைவரோடு ஜோடியாக இறங்கலாம். ஓப்பன் வாட்டருக்குக் கீழே 'ஸ்கூபா டைவர்' என்று ஒரு படி உண்டு. பெயரைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்தக் கார்டுக்காரர் தொழில்முறை டைவர் ஒருவரின் நேரடிப் பார்வையில் 12 மீட்டர் வரைதான் போகலாம். தனியாக டேங்க் கேட்டால் அவரிடமும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி, சரிபார்க்கும் முறை. பிளாஸ்டிக் கார்டுகள் இப்போது குறைந்துவிட்டன, செல்போனில் ஆப்பைத் திறந்து காட்டுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் காட்டினால் நான் ஏற்பதில்லை. எங்கள் கண் முன்னால் ஆப்பையே திறக்கச் சொல்வேன், ஏனென்றால் படத்தில் பெயரை மாற்றுவது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. முகம், பெயர், பிறந்த தேதி, கார்டின் படி, எண், முடித்த தேதி, இன்ஸ்ட்ரக்டரின் எண் இத்தனையும் அதில் இருக்கும். கூடவே ஆதார் அல்லது பாஸ்போர்ட். பிறகு பயிற்சி அமைப்பின் தளத்தில் பெயரும் பிறந்த தேதியும், அல்லது கார்டு எண்ணைப் போட்டுத் தேடுவோம். பதிவு அங்கே இருந்தால் கார்டு தொலைந்துபோனவருக்கும் பிரச்சினை இல்லை.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு, இனிஷியல். ஆதாரில் எஸ். கார்த்திக், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கும், தாய்லாந்தில் படிப்பு முடித்தபோது அங்கிருந்தவர் அப்பா பெயரை முதல் பெயராகப் போட்டிருப்பார். தளத்தில் தேடினால் "பதிவு இல்லை" என்று வரும். அவசரக்காரர் உடனே போலி என்று முடிவு கட்டிவிடுவார். பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்த்து, அப்படியும் வராவிட்டால் படிப்பு முடித்த ஷாப்புக்கு மெயில் போட்டுக் கேட்க வேண்டும். பயிற்சிக்குச் சேரும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் கொடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். சி.எம்.ஏ.எஸ். கார்டுகள் அந்தந்த நாட்டுக் கூட்டமைப்பு வழியாக வருபவை, அவற்றைச் சரிபார்க்க ஓரிரு நாள் பிடிக்கலாம். துறைமுகத்தில் வேலை செய்யும் கமர்ஷியல் டைவர்களும் கடற்படை, கடலோரக் காவல்படையில் டைவராக இருந்தவர்களும் வருவார்கள். அவர்களிடம் பொழுதுபோக்குக் கார்டு இருக்காது, வேலைக்கான டைவிங் சான்றையும் அடையாள அட்டையையும் பார்த்து ஏற்றுக்கொள்வோம்.

கார்டு உண்மை என்று தெரிந்த பிறகும் பேச்சு முடிவதில்லை. ஓப்பன் வாட்டர் கார்டுக்குக் காலாவதி கிடையாது, ஆனால் கைப்பழக்கத்துக்கு உண்டு. கடைசியாக எப்போது இறங்கினீர்கள், எங்கே, இப்போது எங்கே இறங்கப் போகிறீர்கள், யாரோடு? செய்த டைவ்களை எழுதிவைக்கும் லாக் புக் இருந்தால் புரட்டிப் பார்ப்போம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் குளத்தில் ஒரு ரெஃப்ரெஷர் செய்துவிட்டு வாருங்கள் என்போம். மாலத்தீவில் கண்ணாடி மாதிரித் தண்ணீரில் டைவ் செய்தவருக்கு, கோவளம் நீலாங்கரைப் பக்கம் கை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரியும் நாட்கள் புதிது. வன்னி, தெண்டி என்று நம் மீனவர்கள் பிரித்துச் சொல்லும் நீரோட்டங்களும் அவருக்குப் புதிது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் டேங்க் கேட்பவரிடம், இந்தக் கடலில் எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று கேட்பதிலேயே பாதி உண்மை வெளியே வந்துவிடும். கை வேலையும் சொல்லிவிடும். பழகியவர் டேங்கைக் கையில் வாங்கியதும் தானாக வால்வில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் தடவிப் பார்ப்பார், வால்வைக் கொஞ்சம் திறந்து மூடி வாசனை பார்ப்பார். பழகாதவர் வால்வைப் பிடித்தே டேங்கைத் தூக்குவார்.

யார் மூச்சு விடப் போகிறார்கள் என்பதும் முக்கியம். ஒரே ஒரு கார்டைக் காட்டி நான்கு டேங்க் கேட்பார்கள். நண்பர்கள் எங்கே என்றால் படகில் இருக்கிறார்கள் என்பார்கள். ஒவ்வொருவர் கார்டும் வேண்டும் என்று அடம் பிடிக்கும் கடையைத்தான் நான் மதிக்கிறேன். டைவிங்கே இல்லாத வேலைக்குக் கேட்பவர்களும் உண்டு: கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க, ஏர் ரைஃபிளில் அடைக்க. செப்டிக் டேங்கில், சாக்கடைக் குழியில் ஆளை இறக்க யாராவது கேட்டால் எந்தத் தயக்கமும் இல்லாமல் மறுக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அந்த வேலைக்கு ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது, முதுகில் ஒரு டேங்கைக் கட்டிவிடுவதால் அது நியாயமாகிவிடாது.

கார்டு முறையில் எனக்கு உறுத்தலான இடம் ஒன்று இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலிண்டர் கட்டி இறங்குபவர்களும் உண்டு. கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. கார்டு மட்டும் இருக்காது. ஆனால் ஆழத்தில் இருக்கும் நேரம் கூடக் கூட ரத்தத்தில் கரையும் நைட்ரஜன் அனுபவத்தைப் பார்ப்பதில்லை. 'பாடி' அட்டவணைப்படி முதல் டைவில் இருக்கக்கூடிய நேரம் 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம்தான் கணக்கு. பிழைப்புக்காக ஒரே நாளில் டேங்க் மேல் டேங்காக இறங்குகிறவர் இந்தக் கணக்கைத் தாண்டினால் மூட்டு வலியில் தொடங்கி இடுப்புக்குக் கீழே செயலிழப்பது வரை போகலாம். அவர்களைக் கவுண்டரில் நிறுத்திக் கார்டு கேட்பது எனக்கு ஒப்பவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நிரப்பித் தருவதும் ஒப்பவில்லை. தமிழில், அவர்கள் கட்டக்கூடிய செலவில், அந்தப் பயிற்சியை அவர்கள் ஊருக்கே கொண்டுபோக வேண்டும் என்பதே என் கருத்து.

நைட்ராக்ஸ் கேட்பவருக்குத் தனிக் கார்டு வேண்டும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், நைட்ராக்ஸில் 32 அல்லது 36. ஆக்சிஜன் கூடினால் போகக்கூடிய ஆழம் குறையும்: 32-க்கு சுமார் 33 மீட்டர், 36-க்கு சுமார் 28. அதைத் தாண்டினால் தண்ணீருக்குள்ளேயே வலிப்பு வரலாம், வாயிலிருந்து ரெகுலேட்டர் விழுந்துவிடும். அதனால் டேங்கை எடுத்துப்போகிறவரே ஆக்சிஜன் அளவு காட்டும் அனலைசரில் அளந்து, பதிவேட்டில் சதவீதமும் ஆழமும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் டேங்க் வெளியே போகும்.

இப்போது சிலிண்டர். மாமா கொடுத்த சிலிண்டர் என்கிறீர்கள், எனக்கு உங்கள் கார்டைவிட அதுதான் அதிகக் கவலை. இந்தியாவில் இது 2016-ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகளுக்குக் கீழ் வருகிறது, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அமைப்பின் கையில் இருப்பது. 500 மில்லிக்கு மேல் 1000 லிட்டர் வரை கொள்ளும் அழுத்தச் சிலிண்டர் எல்லாம் அதில் அடங்கும். டைவிங்கில் வழக்கமாகப் பார்க்கும் அலுமினியம் 80 டேங்க் சுமார் 11 லிட்டர் கொள்வது. அனுமதி பெற்ற வகைச் சிலிண்டரில் மட்டும்தான் நிரப்பலாம். வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வந்த சிலிண்டருக்கு இங்கே அனுமதி இல்லையென்றால், உங்களிடம் எத்தனை கார்டு இருந்தாலும் கடைக்காரர் கை வைக்கக்கூடாது.

அடுத்து, கழுத்தைச் சுற்றிக் குத்தியிருக்கும் எழுத்துகள்: தயாரிப்பாளர், வரிசை எண், வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், கடைசி ஹைட்ரோ டெஸ்ட் நடந்த மாதமும் வருடமும். ஹைட்ரோ டெஸ்ட் என்பது தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சிலிண்டரைச் சோதிப்பது, வழக்கமாக 5 வருடத்துக்கு ஒருமுறை, உள்ளே விளக்கு விட்டுப் பார்க்கும் சோதனை வருடத்துக்கு ஒருமுறை. 1988-க்கு முன் செய்த அலுமினியச் சிலிண்டர்களில் பல 6351 என்ற கலவையில் செய்தவை. கழுத்துப் பக்கம் விரிசல் விடுவதாகத் தெரிந்த கலவை அது, பல கடைகள் தொடுவதே இல்லை. புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வந்தாலும் சந்தேகம்தான். பட்டறையில் சூளையில் வைத்துப் பெயிண்ட் சுட்டிருந்தால் அலுமினியத்தின் பலம் போயிருக்கும், அந்தச் சிலிண்டரைக் கழித்துவிட வேண்டும். கேஜில் சுழியம் காட்டினால் உள்ளே உப்புத் தண்ணீர் போயிருக்கலாம் என்று வால்வைக் கழற்றிப் பார்ப்போம். வால்வின் மரை இன்னொரு ஆபத்து. அமெரிக்க அளவு முக்கால் அங்குலமும் ஐரோப்பிய 25 மில்லிமீட்டரும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மாற்றி மாட்டினால் சில சுற்று ஏறிப் பிடித்தது போலவே நிற்கும், 200 பார் அழுத்தம் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு) ஏறும்போது வால்வு குண்டு மாதிரிப் பறக்கும். எதிரே நிற்பது நிரப்புகிறவர். அவர் உங்களிடம் கேட்கும் கேள்விகளில் பாதி அவருடைய உயிருக்காகவும்தான்.

வேறு எங்கே நிரப்பலாம் என்ற கடைசிக் கேள்விக்குக் கண்டிப்பாகவே பதில் சொல்கிறேன். டைவிங் டேங்கில் ஆக்சிஜன் இருப்பதாக நினைத்து, மருத்துவமனைக்கும் வெல்டிங்குக்கும் ஆக்சிஜன் நிரப்பும் இடத்துக்குப் போகிறவர்கள் உண்டு. போகாதீர்கள். சுத்த ஆக்சிஜனோடு 6 மீட்டரைத் தாண்டினாலே வலிப்பு வரும் எல்லைக்குள் போய்விடுவீர்கள். டேங்கிலும் வால்விலும் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை, அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் நிரப்பும்போதே தீப்பிடிக்கலாம். ஆன்லைனில் விற்கும் சின்ன 300 பார் கம்ப்ரசர்கள் ஏர் ரைஃபிளுக்காகச் செய்தவை, மூச்சுக்காற்றுக்கான வடிகட்டி அவற்றில் இருக்காது. ஐரோப்பிய மூச்சுக்காற்றுத் தரமான இ.என். 12021 கார்பன் மோனாக்சைடை 5 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 5 பங்கு) மேல் அனுமதிப்பதில்லை, ஏனென்றால் 30 மீட்டரில் அது உடம்பில் நான்கு மடங்காக வேலை செய்யும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது அதன் புகை காற்று இழுக்கும் குழாய்ப் பக்கம் வருகிறதா என்று நல்ல கடையில் ஓர் ஆள் போய்ப் பார்ப்பார். வீட்டு மாடியில் நீங்களே அடைத்தால் அதை யார் பார்ப்பது?

உங்களுக்கு என் யோசனை இது. சிலிண்டரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், அதில் கொஞ்சம் காற்று இருந்தால் இருக்கட்டும், காலி செய்யாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். நிறைந்த டேங்கில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.7 பார் ஏறும். கழுத்தில் உள்ள எழுத்துகளைத் தெளிவாகப் போட்டோ எடுத்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்திடம் காட்டி இங்கே செல்லுமா என்று கேளுங்கள். செல்லாது என்றால் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். சென்னையில் டைவ் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் சொந்த டேங்க் வைத்திருப்பதில்லை, ஒவ்வொரு முறையும் ஷாப்பிலிருந்து நிரப்பிய டேங்கை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். உங்களைத் திருப்பி அனுப்பிய அதே ஷாப்பில் ஓப்பன் வாட்டர் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். மழைக்காலம் முடிந்து ஜனவரிக்கு மேல் கடல் அடங்கும், குளத்துப் பயிற்சியை அதற்கு முன்பே முடித்துவிடலாம். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காதில் ஆபரேஷன் ஏதாவது இருந்திருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். டாக்டர் கையெழுத்து வாங்கச் சொல்வார்கள், அதற்குச் சில நாள் பிடிக்கும், அதனால் முதலில் அதைத் தொடங்கிவிடுங்கள்.